மறைத்தால்தான் கொலை

மார்ச் 3, வெள்ளி

அகராதியில் எல் வரிசை முடிந்தது. இன்று எம் வரிசையில் கால் வைத்தேன். முப்பது ஆண்டுகள் நூற்பாலை இயந்திரங்களின் ஜெர்மன் கையேடுகளைத் தமிழாக்கியவனுக்கு, ஓய்வுபெற்ற பிறகு ஜெர்மன்–தமிழ் சட்ட அகராதியில் இடம் கிடைத்தது பெரிய கௌரவம். பதிப்பாசிரியர் அருமைநாயகம் குழுவில் என்னை அறிமுகம் செய்யும்போது, “குற்றாலலிங்கம் சாருக்குப் பல்சக்கரத்திலிருந்து பாவமன்னிப்பு வரை எல்லாம் தெரியும்” என்றார். புகழ்ச்சியா கேலியா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பக்கத்து வீட்டுச் சேவல் இன்றும் நாலேகாலுக்கு எழுப்பிவிட்டது. நாலேகாலுக்குத் தொடங்கி ஏழு மணிவரை விட்டுவிட்டுக் கூவுகிறது. பிறகு பகலில், நான் ஒரு சொல்லுக்கு விளக்கம் யோசிக்கும் நேரம் பார்த்து, சன்னலுக்குக் கீழே வந்து நின்று கூவுகிறது. மனைவி வடிவிடம் சொன்னேன்.

“அது விடியுததுக்காவது கூவுது. நீங்க விடியுத வரைக்கும் குறட்டை விடுதீக. நான் யார்ட்ட போய்ச் சொல்ல?” என்றாள்.

தபால் அலுவலகத்தில் நாள் முழுவதும் மனிதர்களைச் சமாளிப்பவளிடம் பேசி வெல்ல முடியாது.

மார்ச் 6, திங்கள்

பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் வந்தாள். அவள் கணவர் கொம்பையா லாரி ஓட்டுநர். போன வருடம் கயத்தாறு பக்கம் லாரி கவிழ்ந்து இடது கால் நொறுங்கிப் போனது. தகடு வைத்துச் சேர்த்தார்கள். இப்போது ஊன்றுகோலுடன் நடக்கிறார். அந்தத் தகட்டை எடுக்க மதுரைக்குப் போகிறார்களாம். பத்து நாள், கூடினால் இரண்டு வாரம்.

“சேவல மட்டும் பாத்துக்கிடணும் அண்ணாச்சி. இவுக ஆஸ்பத்திரில கெடக்கும்போது சுடலைமாடனுக்கு நேந்து விட்டது. இவுக எந்திரிச்சு நடந்தா சித்திரையில கோயில் கொடைக்கு இத வெட்டுதேன்னு வேண்டிக்கிட்டேன். அது நல்லாருந்தா இவுக நல்லாருப்பாக.”

“அதுக்குப் பேர் என்னம்மா?”

“சாமிக்கு விட்டதுக்குப் பேரு வைக்கக் கூடாது.”

கம்பு ஒரு படி, கிண்ணம் ஒன்று, அறிவுரைகள் பல கொடுத்துவிட்டுப் போனாள். கருஞ்சிவப்பு உடம்பு, ஒரு பக்கம் சரிந்த கொண்டை. அவள் போனதும் அதற்கு ‘நீதிபதி’ என்று பெயர் வைத்தேன். சட்ட அகராதிக்காரன் வீட்டு விருந்தாளிக்குப் பொருத்தமான பெயர்.

மார்ச் 8, புதன்

நீதிபதி என் புறங்கையைக் கொத்திவிட்டார். மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன். தட்டச்சு மெதுவாகத்தான் நடக்கிறது.

இன்றைய சொல் ‘மோர்ட்’. ஜெர்மனில் கொலை. ஒரே வரியில் முடிக்கலாம் என்கிறார் அருமைநாயகம். முடியாது. அவர்களிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஆத்திரத்தில் ஒருவனைக் கொன்றால் ‘டோட்ஷ்லாக்’. வஞ்சகமாகவோ, வேறொரு குற்றத்தை மூடி மறைக்கவோ கொன்றால் ‘மோர்ட்’. இரண்டையும் நாம் கொலை என்று போட்டுவிட்டால் ஒரு மனிதன் எத்தனை வருடம் உள்ளே இருப்பான் என்பதே மாறிவிடும்.

வேரைத் தோண்டினேன். பழைய ஜெர்மானிய மொழிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது: மோர்ட், மொர்த், மௌர்த்ர். ஆங்கிலத்தின் மர்டரும் இந்தக் குடும்பம்தான். அதற்கும் அடியில் போனால் வெறும் ‘சாவு’ என்ற பொருள். நம்மிடம் வடமொழி வழியாக வந்த மரணமும் மிருத்யுவும் அதே வேரில் கிளைத்தவை. ஆக, சாவு என்று மட்டும் பொருள்பட்ட ஒரு சொல், வடக்கே குளிரில் போய்க் கொலையாக மாறியிருக்கிறது. எப்படி மாறியது, ஏன் மாறியது?

இரவு சாப்பிடும்போது “மோர்ட்” என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். வடிவு எழுந்து போய் மோர் கொண்டுவந்து ஊற்றினாள். குடித்துவிட்டேன்.

மார்ச் 11, சனி

கூவல்: காலையில் முப்பத்தொன்று. எண்ணியது நான்தான்.

மார்ச் 14, செவ்வாய்

சேவல் இறந்துவிட்டது.

காலை பதினொரு மணிக்குக் கணினி வழியாகக் குழுக் கூட்டம். ‘மோர்ட்’ பற்றி நான் பேச வேண்டும். சென்னையிலிருந்து இரண்டு வழக்கறிஞர்களும் இருந்தார்கள். அந்த நேரத்தில் சேவல் சன்னலடிக்கு வந்துவிட்டது. பிறகு அது மோட்டார் அறைக்குள் போயிற்று. கதவு சாத்திக்கொண்டது. அறைக்குத் தகரக் கூரை. நாலு மணிக்குச் செடிகளுக்குத் தண்ணீர் விட மோட்டார் போடப் போனபோதுதான் தெரிந்தது. கடும் வெயிலில் கோழிகள் இப்படி இறப்பதுண்டு என்று இணையத்தில் போட்டிருக்கிறது.

எலுமிச்சை மரத்தடியில் புதைத்தேன்.

கூட்டம் நன்றாகவே நடந்தது. என் கருத்தை ஏற்றுக்கொண்டார்கள். விரிவான வேர் விளக்கம் எழுதித்தரச் சொன்னார்கள்.

ஆறு மணிக்கு வடிவு வந்தாள். “சேவலக் காணல?” என்றாள். “எங்கயாவது மேஞ்சுக்கிட்டிருக்கும்” என்றேன்.

மார்ச் 15, புதன்

காலையில் பேச்சித்தாய் தொலைபேசியில் கூப்பிட்டாள். நேற்று மத்தியானம் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டதாம். தகட்டை எடுத்துவிட்டார்கள்.

“சேவல் நல்லாருக்கா அண்ணாச்சி?”

“நல்லாருக்கு.”

இரண்டே சொல். நேற்றே உண்மையைச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அறுவை சிகிச்சை முடிந்து இருபது மணி நேரம்கூட ஆகாத வீட்டாரிடம் இதையெல்லாம் சொல்வது மனிதத்தன்மை இல்லை.

சாயங்காலம் வடிவு துணி எடுக்கக் கொல்லைப்புறம் போனவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். “எலுமிச்சைக்கு உரம் வச்சீகளா?” என்றாள்.

“ஆமா.”

“நல்ல உரம் போல” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இரவு எனக்குப் பரிமாறினாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மார்ச் 16, வியாழன்

விடை கிடைத்துவிட்டது. எனக்குத்தான் அது பிடிக்கவில்லை.

பழைய ஜெர்மானியர்களிடம் ஒருவனைக் கொல்வது மட்டும் ‘மோர்ட்’ ஆகாது. கொன்றவன் வெளிப்படையாக “நான்தான் செய்தேன்” என்று சொல்லிவிட்டால் அது வெறும் கொலை. இழப்பீடு கொடுக்கலாம், சமாதானம் பேசலாம். பழிக்குப் பழி வாங்க வருவார்கள் என்றாலும், அது மானமுள்ள மனிதர்களுக்குள் நடக்கும் விவகாரம். சொல்லாமல் மறைத்தால்தான் ‘மோர்ட்’. அதாவது களவுச் சாவு. அவர்களுக்குச் சாவைவிட மூடி மறைப்பதுதான் பெரிய பாதகம். நார்வேப் பக்கத்துப் பழைய சட்டம் ஒன்று இதற்கு வழிமுறையே சொல்கிறது: கொன்றவன் வழியில் வரும் முதல் வீட்டில் அதை அறிவிக்க வேண்டும். அங்கே செத்தவனின் உறவினர் இருந்தால் அந்த வீட்டைத் தாண்டிப் போகலாம். இரண்டாம் வீட்டுக்கும் அதே சலுகை. மூன்றாம் வீட்டைத் தாண்டக் கூடாது.

அருமையான குறிப்பு. ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். அருமைநாயகம் உடனே “பிரமாதம்” என்று பதில் போட்டார்.

மோட்டார் அறைக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளும் கதவுதான். அன்று காற்று இருந்ததா என்று நினைவில்லை.

மார்ச் 17, வெள்ளி

ஒரு சோதனைக்காக, ஆராய்ச்சி நோக்கில், தெருவில் நடந்தேன்.

முதல் வீடு பேச்சித்தாயின் அண்ணன் வீடு. உறவினர். சட்டப்படி தாண்டலாம், தாண்டினேன். இரண்டாம் வீடு பூட்டியிருந்தது. மூன்றாம் வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வேதநாயகம் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போய் உட்கார்ந்தேன்.

“சார், ஒரு கொலையப் பத்திச் சொல்லணும்” என்று ஆரம்பித்தேன்.

அவர் பேப்பரை மடித்தார். “உங்க அகராதியா? நல்லதாப் போச்சு. நானே கேக்கணும்னு இருந்தேன். இங்கிலீஷ்ல கில் இருக்கு பாத்தீகளா, அது நம்ம கொல்தான். கொல், கில். எழுதுங்க.”

“அப்படி இல்ல சார். ஒலி ஒத்துப்போனா மட்டும் போதாது…”

“எப்படிப் போதாது? காதால கேட்டா தெரியலயா?”

முக்கால் மணி நேரம் வாதாடினோம். அவர் வீட்டு அம்மா காப்பி கொடுத்தார்கள். கொல்லும் கில்லும் உறவில்லை என்று நிறுவிவிட்டு, வெற்றியோடு வீட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், போன காரியத்தைச் சொல்லவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

மார்ச் 18, சனி

கொம்பையாவுக்குக் காய்ச்சல். புண்ணில் சீழ் வைத்துவிட்டதாம். காலை எட்டு மணிக்குப் பேச்சித்தாய் கூப்பிட்டபோது அவள் குரல் கரகரத்துப் போயிருந்தது.

“மூணு நாளா ஒண்ணும் சாப்புடல அண்ணாச்சி. சேவல் சத்தத்தைக் கேக்கணும்ங்காக. போனக் கொஞ்சம் அதுக்கிட்ட கொண்டுபோங்களேன்.”

“இப்பத்தான் இரை தின்னுட்டு நிழல்ல படுத்திருக்கும்மா. சாயங்காலம் கேட்டாத் தேவல.”

பிறகு நான் செய்தது என்னவென்றால், சட்டையை மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போய், கருஞ்சிவப்பில் ஒரு சேவல் வாங்கிவந்தேன். கொண்டை நேராக இருக்கிறது. மற்றபடி அசல்.

மாலை ஐந்து மணிக்குப் பேச்சித்தாயைக் கூப்பிட்டுவிட்டுத் தொலைபேசியைச் சேவலுக்கு நேரே நீட்டினேன். அது என்னைப் பார்த்தது. கம்பைத் தூவினேன். தின்றது. தட்டினேன், சொடுக்கினேன். அடுக்களை வாசற்படியில் வடிவு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஐந்து நிமிடம் அப்படியே போயிற்று. கடைசியில் சேவல் ஒருதரம், அரைமனதாகக் கூவியது.

மறுமுனையில் கொம்பையாவின் குரல், ரொம்பச் சன்னமாக: “நம்ம சேவல் மாதிரி இல்லயே.”

“தொண்டை கட்டியிருக்கு. தண்ணி மாறினது ஒத்துக்கிடல” என்றேன்.

பேச்சித்தாய் போனை வாங்கி, “சிரிக்காக அண்ணாச்சி. நாலு நாளைக்கப்புறம் இன்னைக்குத்தான் சிரிக்காக” என்றாள். அவள் அழுவது கேட்டது.

வடிவு அதற்குள் உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 19, ஞாயிறு

வடிவுக்கு விடுமுறை. காலையில் புதுச் சேவலுக்கு அவளே இரை போட்டாள். பிறகு மோட்டார் அறைக்கு முன்னால் போய் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

“கொண்டி எந்தப் பக்கம் இருக்கு?”

“வெளிப்பக்கம்.”

“அன்னைக்குக் கொண்டி போட்டிருந்துச்சா?”

கொண்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன்.

“சேவலுக்குக் கை கெடையாது” என்றாள். “நீங்க அன்னைக்கு என்ன எழுதினீகன்னு எனக்குத் தெரியும். ஒங்க நோட்டு கட்டில்மேல விரிஞ்சு கெடந்துச்சு. ‘கதவு சாத்திக்கொண்டது’ன்னு எழுதியிருக்கீக. ஒரு எழுத்து எடம் மாறினாலும் அருமைநாயகத்தோட ராத்திரி பத்து மணி வரைக்கும் மல்லுக்கட்டுத ஆளு நீங்க. அந்தக் கதவ யாரு சாத்தினான்னு ஒங்களுக்குத் தமிழ்ல எழுதத் தெரியலயா?”

அடுத்தவர் நாட்குறிப்பைப் படிப்பது தவறு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

“பேச்சி பாவம். அந்தச் சேவலத்தான் புருசன் உசுருன்னு நம்பிக்கிட்டிருக்கா. சித்திரையில வந்து அவ கையாலயே இந்தச் சந்தைக்கோழியச் சாமிக்குக் குடுப்பா. அதையும் நின்னு பாக்கப் போறீகளா?”

சாத்தினேன். கொண்டியும் போட்டேன். கூட்டம் முடிந்ததும் திறந்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். கூட்டத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். சாப்பிட்டேன், படுத்தேன். மறந்துவிட்டேன்.

இவ்வளவுதான் நடந்தது.

மார்ச் 20, திங்கள்

கொம்பையாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நாளைக் காலை முதல் பேருந்தில் மதுரை. தொலைபேசியில் சொல்லக் கூடிய விஷயம் இல்லை என்று வடிவு சொன்னாள். நானும் அதையே நினைத்திருந்தேன், அவள் சொல்லி முடித்த பிறகு.

மார்ச் 22, புதன்

நேற்று எழுத முடியவில்லை. திரும்பி வந்ததும் படுத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் மாடி, கடைசிக் கட்டில். என்னைப் பார்த்ததும் பேச்சித்தாய் பதறிப்போனாள். ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். கொம்பையா பாதி தூக்கத்தில் இருந்தார். அவளை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் பேருந்தில் ஒத்திகை பார்த்த முன்னுரை மூன்று நிமிடம் வரும். அதில் ஒரு வாக்கியமும் வாயில் வரவில்லை.

“பேச்சித்தாய், உன் சேவல் செத்துப்போச்சும்மா. நான்தான் காரணம். மோட்டார் ரூம்ல போட்டுப் பூட்டினேன். வெயில்ல செத்துருச்சு. நீ போன்ல கேட்டதெல்லாம் வேற சேவல். பொய் சொல்லிட்டேன்.”

அவள் சுவரில் சாய்ந்தாள். கீழே ஆட்டோக்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “என்னைக்கு?” என்றாள்.

“போன செவ்வாக்கெழம.”

“எத்தன மணிக்கு?”

“பதினொண்ணுக்குப் பூட்டினேன். மத்தியானம் போயிருக்கும்.”

அவள் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. ஆனால் நான் பயந்த கோபம் அதில் இல்லை. “இவுகள உள்ள கொண்டுபோனது பதினொண்ணு. வெளிய கொண்டுவந்தது ஒண்ணரை. நடுவுல மூச்சு எறங்குதுன்னு ஒரு நர்சு ஓடிச்சு. அப்பத்தான் மாடன் அத எடுத்துக்கிட்டு இவுகள விட்டிருக்காரு.” வடக்கே திரும்பிக் கும்பிட்டாள். அவர்கள் ஊர்க் கோயில் தெற்கே இருக்கிறது, சொல்லவில்லை.

“இல்லம்மா. நான் பூட்டினேன். என் வேலைக்குத் தொந்தரவா இருந்துச்சுன்னு பூட்டினேன்.”

“ஒங்க கையால எடுத்துக்கிட்டாரு. வேற யாரு கையால எடுப்பாரு, நீங்கதான பக்கத்துல இருந்தீக? கொடைக்கு வேற ஒண்ணு குடுப்போம். பொய் சொன்னதுக்கு மட்டும் கோயில்ல வந்து விழுந்து கும்பிட்டுக்கிடுங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சாப்புட்டீகளா?” என்று கேட்டுவிட்டு, எனக்கு இட்லி வாங்கக் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

ஒரு வாரமாகச் சுமந்துவந்ததை ஒருத்தியிடம் ஒப்படைத்தால், அவள் அதைப் பிரசாதமாக வாங்கிக்கொண்டு போகிறாள். நிம்மதி வந்திருக்க வேண்டும். அவளை ஏதோ ஏமாற்றிவிட்டது போலத்தான் இருந்தது.

உள்ளே போனேன். கொம்பையா விழித்திருந்தார். கதவு திறந்தே கிடந்தது, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கட்டில் ஓரத்தில் உட்காரச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

“அவ அப்படித்தான். சாமி கணக்குல எழுதிட்டா அவளுக்குத் தூக்கம் வந்துரும்” என்றார். “எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி. கத்துச்சா?”

மறந்துவிட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். மறந்தது பிற்பாடுதான்.

“கத்துச்சு” என்றேன்.

“ஒங்களுக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. கூவல. வேற மாதிரி கத்துச்சு. கதவுல வந்து வந்து மோதுச்சு. கால் மணி நேரம் இருக்கும். நான் சன்னலச் சாத்திட்டுப் பேசிக்கிட்டிருந்தேன்.”

இதை நான் வடிவிடம் சொல்லவில்லை. இந்த நோட்டிலும் எழுதவில்லை.

கொம்பையா மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“லாரி கவுந்து கெடக்கும்போது நானும் உள்ளருந்து கதவத் தட்டிக்கிட்டேதான் இருந்தேன். கண்ணாடி வழியா வெளிய ஆளுக தெரியுதாக. நின்னு பாத்துக்கிட்டிருக்காக. ஒருத்தன் போன்ல பேசிக்கிட்டிருக்கான். போலீசுக்குத்தான் பேசுதான்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா அவன் கதை ஏதோ பேசிச் சிரிக்கான். எவ்வளவு நேரம்னு தெரியாது. இன்னைய வரைக்கும் அதுல ஒருத்தனும் வந்து ‘நான் அங்கதான் நின்னேன்’னு சொன்னதில்ல.”

நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அந்த ஆளைப் பற்றிச் சொல்கிறாரா, என்னைப் பற்றியா என்று கேட்கத் தைரியம் இல்லை.

“நீங்க வந்துட்டீக” என்றார். “பஸ் பிடிச்சு வந்துட்டீக.”

பிறகு போர்வையை விலக்கினார். “பேச்சி வரதுக்குள்ள கக்கூசுக்குப் போய்ட்டு வந்துருதேன். அவ வந்தா அந்தச் சட்டியத் தூக்கிட்டு வந்து நிப்பா. தோளக் குடுங்க.”

குனிந்தேன். இடது கையை என் தோளின் மேல் போட்டு, நல்ல காலை ஊன்றி எழுந்தார். ஆள் மெலிந்திருந்தாலும் எலும்பு கனம். அவர் பாரம் முழுவதும் என்மேல் இறங்கியது. எங்கே தவறி விழுந்துவிடுவாரோ என்று இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியையும் அளந்து வைத்தேன். பாதி தூரத்தில் அவர் நின்றார்.

“அண்ணாச்சி, இவ்வளவு பயந்து பிடிக்காதீக. நான் ஓடியா போயிரப் போறேன்?” என்றார்.

இருவரும் சிரித்துக்கொண்டு நின்றோம். பிறகு, மெதுவாக, மிச்ச தூரத்தையும் நடந்தோம்.